முன்னோட்டம்: வால் முன்வந்த வரலாறு

படமாளிகையில் விளக்குகள் மங்குகின்றன. கடலை விற்பவனின் குரல் வாயிலோடு நின்றுவிடுகிறது. பேச்சொலி அடங்கித் திரையில் ஒளி படர்கிறது. ஆனால், நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள் காண வந்த படம் இன்னும் தொடங்கவில்லை. வேறொரு படத்தின் சில கணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து வருகின்றன. ஒரு முகம் திடுக்கிடுகிறது. ஒரு குதிரை பாய்கிறது. ஒரு கதவு மெல்லத் திறக்கிறது. கதவுக்கு அப்பால் நிற்பவர் யார் என்று அறியுமுன் திரை இருண்டு, "விரைவில் வருகிறது" என்னும் எழுத்துகள் தோன்றுகின்றன. இரண்டே நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது. பார்த்தவர் அருகில் இருப்பவரிடம், "இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்" என்கிறார். அல்லது, "இவ்வளவு பார்த்ததே போதும்" என்கிறார்.

இவ்விரு மறுமொழிகளுக்கும் இடையே ஒரு கலை இருக்கிறது. முன்னோட்டம் என்பது அதன் பெயர். அது வணிகத்தில் பிறந்த கலை; விற்பதே அதன் தொழில். ஆயினும் அது விற்கும் பொருள் விந்தையானது. புடைவை வாங்குபவர் துணியைத் தொட்டுப் பார்க்கலாம். மாம்பழம் வாங்குபவர் முகர்ந்து பார்க்கலாம். படம் பார்ப்பவரோ பணத்தை முன்னே கொடுத்துவிட்டுப் பொருளைப் பின்னே காண்கிறார். பிடிக்காத படத்துக்குக் கொடுத்த பணம் திரும்பி வருவதில்லை. ஆதலின் முன்னோட்டம் என்பது ஒரு வாக்குறுதி. எவ்வளவு சொல்வது, எவ்வளவு மறைப்பது, சொல்வதில் எவ்வளவு மெய்யாக இருப்பது என்னும் மூன்று வினாக்களுக்கும் அது விடைகாண வேண்டியிருக்கிறது. அதன் நூற்றாண்டு கடந்த வரலாறு, இவ்வினாக்களுக்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளின் வரலாறேயாகும்.

முதலில் பெயரைக் கவனிப்போர்க்கு ஒரு வியப்பு உண்டாகும். தமிழில் முன்னோட்டம் எனப்படுவது ஆங்கிலத்தில் 'ட்ரெயிலர்' எனப்படுகிறது. அச்சொல்லின் பொருள் பின்னால் இழுபட்டு வருவது என்பதாகும். முன்னே ஓடுவதற்குப் பின்னே வருவது என்று பெயர் வாய்த்த காரணம் யாது? தொடக்கக் காலத்தில் அது உண்மையாகவே பின்னால்தான் வந்தது. படச்சுருளின் இறுதியில் வால்போல ஒட்டப்பட்ட சிறு துண்டே ட்ரெயிலர். படம் முடிந்தபின் அத்துண்டு ஓடும். ஆனால், படம் முடிந்தவுடன் மக்கள் எழுந்து வெளியே செல்லத் தொடங்குவது எந்த நாட்டிலும் இயல்பு. வெற்று நாற்காலிகளுக்கு விளம்பரம் காட்டுவதால் பயன் இல்லை என்று உணர்ந்த படமாளிகை உரிமையாளர்கள், வாலை எடுத்துத் தலையில் வைத்தார்கள். இடம் மாறியது, பெயர் மாறவில்லை.

இந்த வாலை முதன்முதலாக ஒட்டியவர் யார்? வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் சுட்டும் பெயர் நில்ஸ் கிரன்லண்ட் என்பது. சுவீடன் நாட்டின் வடபகுதியில் பிறந்து, இளமையிலேயே அமெரிக்கா சென்றவர் அவர். நியூயோர்க் நகரில் மார்க்கஸ் லோ என்பவருக்குச் சொந்தமான படமாளிகைகளின் விளம்பரப் பொறுப்பை வகித்தார். 1913 ஆம் ஆண்டில், 'இன்பம் தேடுவோர்' என்று பொருள்படும் பெயர்கொண்ட இசை நாடகம் ஒன்று பிரோட்வே அரங்கில் மேடையேற இருந்தது. அந்நாடகத்தின் ஒத்திகையைப் படம்பிடித்து, ஒரு சிறு விளம்பரத் துண்டாக்கி, லோவின் படமாளிகைகளிலே கிரன்லண்ட் காட்டினார். முதல் முன்னோட்டம் என்று கருதப்படும் அத்துண்டு ஒரு திரைப்படத்தைப் பற்றியதன்று. மேடை நாடகத்தைப் பற்றியது என்பது கருதத்தக்கது. ஆடலும் பாடலும் எத்தகையன என்று சுவரொட்டியில் எழுதிக் காட்டுவதைவிட, ஆடுவோரையே சில கணங்கள் காட்டிவிடுவது மேல் என்ற எளிய எண்ணமே இக்கலைக்கு வித்தாயிற்று.

அதே காலத்தில் இன்னொரு வேரும் தோன்றியது. சிக்காகோ நகரத்துச் செலிக் கம்பனியார் 1913 ஆம் ஆண்டின் இறுதியில் 'கத்லினின் சாகசங்கள்' என்னும் தொடர்படத்தை வெளியிடத் தொடங்கினர். 13 பகுதிகள் கொண்ட அப்படத்தின் கதை பெரும்பாலும் கற்பனையான ஓர் இந்திய நாட்டிலே நிகழ்வது. கத்லின் வில்லியம்ஸ் என்னும் நடிகை, காட்டு விலங்குகளிடையே அகப்பட்டுத் தப்பும் கதைத்தலைவியாக நடித்தார். 'சிக்காகோ ட்ரிபியூன்' என்னும் நாளிதழ் இக்கதையைப் படத்தோடு ஒருங்கே வெளியிட்டது. இத்தகைய தொடர்படங்களின் ஒவ்வொரு பகுதியும் தலைவி பேரிடரில் சிக்கிய நேரத்திலே முடியும். அவள் தப்பினாளா என்று அறிய விரும்புவோர் அடுத்த பகுதிக்கு வரவேண்டும். கதையைச் சரியான இடத்தில் அறுப்பதே மிகச் சிறந்த அழைப்பு என்னும் பாடத்தை முன்னோட்டக்காரர்கள் இங்கிருந்தே கற்றனர். கிரன்லண்டின் துண்டு காட்டுவதன் ஆற்றலைக் கற்பித்தது. தொடர்படம் மறைப்பதன் ஆற்றலைக் கற்பித்தது.

கைத்தொழிலாக இருந்த இதை ஆலைத்தொழிலாக மாற்றியது நஷனல் ஸ்கிரீன் சேவிஸ் என்னும் நிறுவனம். ஹேர்மன் ரொபின்ஸ் முதலியோர் 1919 ஆம் ஆண்டளவில் நியூயோர்க்கில் இதனை நிறுவினர். முன்னோட்டங்களைத் தாமே ஆக்கி, படமாளிகைகளுக்கு வாடகைக்கு விடுவது இவர்களது தொழிலாயிற்று. பின்னர் பெரிய படக்கம்பனிகளே இவர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டு, தம் படங்களின் துண்டுகளை முறைப்படி வழங்கின. அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு, அமெரிக்கப் படமாளிகைகளில் ஓடிய முன்னோட்டங்களுள் பெரும்பாலானவை இந்நிறுவனத்தின் கைப்பட்டவையே. சுவரொட்டி வழங்கும் தொழிலும் இதன் கைக்கு வந்தது. இவ்வளவு பெரிய ஏகபோகம் முறையானதா என்னும் வழக்கொன்று 1955 ஆம் ஆண்டில் அமெரிக்க உயர் நீதிமன்றம்வரை சென்றது.

அக்கால முன்னோட்டங்களுக்கு ஒரு வாய்பாடு இருந்தது. திரையின் ஓரத்திலிருந்து பெரிய எழுத்துகள் பாய்ந்து வரும். இணையற்ற படம், ஈடில்லாக் காதல், உலகம் கண்டிராத வீரம் என்று அவை முழங்கும். நடிகர் பெயர்கள் ஒவ்வொன்றாய்த் தோன்றும். ஒரு முத்தம், ஒரு சண்டை, ஒரு கண்ணீர் வரும். இறுதியிலே படத்தின் பெயர் திரை முழுவதையும் நிரப்பும். எல்லாப் படமும் இணையற்றது என்று சொல்லப்படுமானால், இணையற்றது என்னும் சொல்லே பொருளிழந்துவிடும் அன்றோ? வாக்குறுதி வாய்பாடாகிவிட்டபோது அதை நம்புவோர் தொகை குறைந்தது. மக்கள் முன்னோட்டத்தைக் கண்டு களித்தார்கள். ஆனால் அதன் சொல்லை எடைபோட்டுத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

இதற்கிடையே திரை பேசத் தொடங்கியிருந்தது. 1927 ஆம் ஆண்டில் 'ஜாஸ் பாடகன்' என்னும் படம் வெளிவந்தபோது, அதன் முன்னோட்டத்தில் ஜோன் மில்ஜன் என்னும் நடிகர் திரையிலே தோன்றி, பார்வையாளரை நோக்கி வாய்திறந்து பேசினார். எழுத்தால் மட்டும் அழைத்த முன்னோட்டம் குரலால் அழைக்கத் தொடங்கியது. அன்று தொடங்கிய குரலாட்சி பின்னர் எவ்வளவு தூரம் சென்றது என்பது இவ்வுரையின் பிற்பகுதியில் வரும்.

ஆலை வாய்பாட்டை உடைத்தவர்கள் சிலர். அவர்களுள் முதலில் சொல்லத்தக்கவர் ஓர்சன் வெல்ஸ். வானொலி நாடகத்தில் பெயர்பெற்று, இருபத்தைந்து வயதில் 'சிற்றிசன் கேன்' என்னும் படத்தை எடுத்தவர் அவர். அப்படம் 1941 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் முன்னோட்டத்தைப் படத்துண்டுகளை வெட்டி ஒட்டி ஆக்காமல், தனியாகவே ஒரு சிறு படமாக வெல்ஸ் எடுத்தார். இருளிலிருந்து ஓர் ஒலிவாங்கி அசைந்து வருகிறது. வெல்ஸின் குரல் மட்டும் கேட்கிறது. அவர் முகம் தோன்றவில்லை. தம்மோடு வானொலியில் நடித்த மேர்க்குரி நாடகக் குழுவினரை ஒவ்வொருவராக அறிமுகம் செய்கிறார். பின்னர் கேன் என்னும் மனிதனைப் பற்றிப் பலர் பலவாறு பேசுகிறார்கள். ஒருவர் புகழ்கிறார், ஒருவர் இகழ்கிறார், ஒருவர் சொன்னதை மற்றொருவர் மறுக்கிறார். கேன் மட்டும் தோன்றவே இல்லை.

படத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் நுட்பம் விளங்கும். இறந்துபோன ஒரு செல்வந்தனின் வாழ்வைப் பலர் வாயிலாகக் கேட்டு அறிய முயல்வதும், அறிய முடியாமற் போவதுமே அப்படத்தின் கதை. நான்கு நிமிட முன்னோட்டம், கதையில் ஒரு நிகழ்ச்சியைக்கூட வெளியிடாமல், கதையின் இயல்பை முழுமையாகச் சொல்லிவிட்டது. கேட்ட பணத்துக்கு எத்தகைய பொருள் கிடைக்கும் என்று மெய்யாகவே அறிவித்தது. அப்பொருளைப் பிரித்துக் காட்டிவிடவும் இல்லை.

நெறியாளர் தாமே தோன்றி அழைக்கும் முறையை வேறு சிலரும் கையாண்டனர். 1956 ஆம் ஆண்டில் வெளிவந்த 'பத்துக் கட்டளைகள்' படத்துக்காகச் செசில் பி. டிமில் ஏறத்தாழப் பத்து நிமிடங்கள் திரையில் பேசினார். நூல்களையும் ஓவியங்களையும் காட்டி, மைக்கலாஞ்சலோ செதுக்கிய மோசே சிலைக்கும் தம் கதாநாயகருக்கும் உள்ள ஒப்புமையை எடுத்துரைத்தார். அது ஆசிரியர் வகுப்பறையில் நிகழ்த்தும் விரிவுரை போன்றது. இதற்கு நான்கு ஆண்டுகளின் பின் வந்தது, இக்கலையின் கொடுமுடி என்று பலரும் கருதும் முன்னோட்டம்.

அது அல்பிரட் ஹிட்ச்கொக்கின் 'சைக்கோ' படத்துக்கு உரியது. ஆண்டு 1960. ஆறரை நிமிட அளவான அத்துண்டில் படத்தின் ஒரு காட்சிகூட இல்லை. கறுப்பு உடை அணிந்த பருத்த உடலினரான ஹிட்ச்கொக், தம் படத்துக்கென அமைத்த விடுதியையும் வீட்டையும் சுற்றிக் காட்டுகிறார். வீடு விற்கும் தரகர் எவ்வளவு பணிவோடு அறைகளைக் காட்டுவாரோ அவ்வளவு பணிவோடு காட்டுகிறார். படிக்கட்டின் அருகே வந்ததும் அங்கு நிகழ்ந்த கொடுமையைச் சொல்லத் தொடங்குகிறார். வாக்கியத்தை முடிக்காமல் முகத்தைச் சுளித்துக்கொண்டு அப்பால் நகர்கிறார். ஓர் அலுமாரியைத் திறக்கிறார், எதையோ கண்டு தலையசைக்கிறார், பார்ப்போருக்குக் காட்டவில்லை. இறுதியில் குளியலறைக்கு வருகிறார். எல்லாம் துப்புரவாக்கப்பட்டுவிட்டது என்கிறார். திடீரென்று குளியல் திரையை இழுக்கிறார். ஒரு பெண் வீறிடுகிறாள். படத்தின் பெயர் தோன்றுகிறது.

தொலைக்காட்சித் தொடரில் ஹிட்ச்கொக்கின் முன்னுரைகளை எழுதிவந்த ஜேம்ஸ் அலடைஸ் என்பவரே இதையும் எழுதினார். வீறிடும் பெண், படத்தில் அக்குளியலறைக் காட்சியில் நடித்த ஜனற் லீ அல்லர். பொய்முடி அணிந்த வீரா மைல்ஸ் என்னும் இன்னொரு நடிகை. கொலை நிகழும் இடத்தைக் காட்டினார். ஆனால் கொலையுண்பவர் யார், எப்போது, யாரால் என்பவற்றை மறைத்தார். நகைச்சுவையும் அச்சமும் கைகோத்து நடக்கும் படம் இது என்பதைத் தம் நடையாலேயே உணர்த்தினார். படம் தொடங்கிய பின் எவரையும் உள்ளே விடலாகாது என்றும் அவர் படமாளிகைகளுக்கு விதி செய்தார். நினைத்த நேரத்தில் படமாளிகைக்குள் நுழைவது வழக்கமாயிருந்த அந்நாட்டிலே இது புதுமை. முன்னோட்டம் காத்த மறையை வாயிற்காவலரும் காக்கவேண்டும் என்பதே அதன் கருத்து.

1960களில் இக்கலையின் மொழியே மாறியது. கியூபாவிற் பிறந்து, தொலைக்காட்சி விளம்பரங்களில் தேர்ந்த பப்லோ பெரோ என்பவர், ஸ்ரான்லி குப்ரிக்கின் 'டொக்டர் ஸ்ரேஞ்ச்லவ்' படத்துக்கு 1964 ஆம் ஆண்டில் ஒரு முன்னோட்டம் ஆக்கினார். ஒரு சொல், ஒரு படம், மறுபடி ஒரு சொல், மறுபடி ஒரு படம் எனக் கண்ணிமைக்கும் நேரத்தில் மாறிக்கொண்டே செல்வது அது. அணுப்போர் என்னும் பேரழிவைக் கேலிக்கூத்தாகக் காட்டும் படத்துக்கு அந்தப் பதைப்பான வேகம் மிகவும் பொருந்தியது. அதே ஆண்டில் அன்ட்ரூ கூன் என்பவர் 'உடும்பின் இரவு' என்று பொருள்படும் படத்துக்குக் கறுப்பும் வெள்ளையும் கூர்மையாய் மோதும் படங்களையும், ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் என்னும் இளம் நடிகரின் ஆழ்ந்த குரலையும் இணைத்தார். பாய்ந்துவரும் பெரிய எழுத்துகளின் காலம் முடிந்தது. படக்கம்பனிகள் பழைய நிறுவனத்தைக் கைவிட்டு, முன்னோட்டத்துக்கென்றே அமைந்த சிறு தொழிற்குழுக்களை நாடின. படத்தொகுப்பாளரின் கத்தரிக்கோல் விளம்பரக்காரரின் தூரிகையை வென்றது.

இங்கே அத்தொகுப்பாளரின் தொழில்முறையைச் சற்று நோக்குதல் தகும். அவருக்கு முன்னால் பல மணிநேரப் படச்சுருள் இருக்கிறது. பெரும்பாலும் படம் இன்னும் முற்றுப்பெறவில்லை. பின்னணி இசையும் அமைக்கப்படவில்லை. ஆதலின், வேறெங்கோ பிறந்த இசையை இரவலாக வாங்குகிறார். காட்சிகளைக் கதை வரிசையில் வைக்க வேண்டும் என்னும் கட்டாயம் அவருக்கு இல்லை. ஒரு காட்சியில் கேட்கப்படும் வினாவுக்கு, இன்னொரு காட்சியிலிருந்து எடுத்த முகத்தை விடையாக வைக்கிறார். பெரும்பாலான முன்னோட்டங்கள் மூன்று அடுக்குகளால் ஆனவை. முதலில் ஓர் உலகமும் ஒரு மனிதரும் அறிமுகமாவர். அடுத்து அவ்வுலகிலே ஓர் இடர் புகும். பின்னர் காட்சிகள் மேலும் மேலும் விரைந்து, ஓர் உச்சத்தில் சட்டென்று நிற்கும். அந்த நிறுத்தத்தில்தான் தொழில்வன்மை தெரியும். மத்தளம் அடிப்பவர் அடிக்காமல் விடும் கணமும் தாளத்தைச் சேர்ந்ததே.

1979 ஆம் ஆண்டில் ரிட்லி ஸ்கொற் எடுத்த 'ஏலியன்' படத்தின் முன்னோட்டம் இதற்குச் சான்று. அதில் உரையாடல் ஒன்றும் இல்லை. ஒரு முட்டை, அதில் விழும் ஒரு வெடிப்பு, ஓடும் மனிதர்கள், ஊளைபோல எழும் ஓர் ஒலி. எதற்கு அஞ்சி ஓடுகிறார்கள் என்று அது சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அச்சம் பாதியாகக் குறைந்திருக்கும்.

குரலைப் பற்றி முன்னர்க் குறிப்பிடப்பட்டது. அமெரிக்க முன்னோட்டங்களின் குரல் என்றாலே நினைவுக்கு வருபவர் டொன் லபொன்ரெயின். ஒலிப்பதிவுக் கூடத்திலே தொழில் செய்துகொண்டிருந்த அவர், 1960களின் நடுப்பகுதியில் ஒருநாள், குரல் கொடுக்க வேண்டியவர் வராமையால், தாமே குரல் கொடுத்தார். 2008 ஆம் ஆண்டில் அவர் காலமானபோது, அவர் குரல் கொடுத்த முன்னோட்டங்களின் தொகை 5,000ஐத் தாண்டியிருந்தது. முகத்தால் அன்றிக் குரலாலேயே கோடிக்கணக்கானவர்க்கு அறிமுகமான மனிதர் அவர். இத்தகைய புகழ் எத்தகையது என்பதை வானொலி நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முன்னோட்டத்தின் முன்னோடியான கிரன்லண்டும் 1920களில் நியூயோர்க்கின் டபிள்யூ. எச். என். நிலையத்தில் வானொலி அறிவிப்பாளராகப் புகழ்பெற்றவரே.

முன்னோட்டக் கலைக்கும் வானொலிக்கும் உள்ள உறவு இலங்கையிலும் ஒரு கிளை விட்டிருக்கிறது. 1950 ஆம் ஆண்டில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியது. 1952இல் இந்திய வானொலி திரைப்பாடல்களைக் கட்டுப்படுத்தியதும், இந்தியத் திரைப்பட இரசிகர்கள் பலரும் இலங்கை அலைவரிசைக்குத் திரும்பினர். படத் தயாரிப்பாளர்களும் அவ்வழியே வந்தனர். பாட்டின் சில அடிகள், வசனத்தின் சில துண்டுகள், அவற்றை இணைக்கும் அறிவிப்பாளரின் குரல் ஆகியவற்றால் கோக்கப்பட்ட படவிளம்பர நிகழ்ச்சிகள் பிறந்தன. தமிழ்ச் சேவையில் கே. எஸ். இராஜா போன்ற அறிவிப்பாளர்களின் விரைவும் தெளிவும் கூடிய குரலைக் கேட்டே படத்தின் முதல் நாளைக் குறித்துவைத்துக்கொண்ட குடும்பங்கள் பல. அவை கண்ணில்லா முன்னோட்டங்கள். கேட்டவர் தாமே காட்சியை அமைத்துக்கொண்டார். மறைப்பதே இக்கலையின் பாதி என்றால், வானொலி அந்தப் பாதியைத் தானாகவே நிறைவேற்றியது.

படமாளிகைக்குள் இருந்த முன்னோட்டம் அமெரிக்காவில் வீட்டுக்குள் முழுமையாகப் புகுந்த ஆண்டு என 1975ஐக் குறிக்கலாம். ஸ்ரீவன் ஸ்பீல்பேர்க்கின் 'ஜோஸ்' என்னும் சுறாப் படம் அவ்வாண்டு யூன் 20ஆம் நாள் 400க்கும் மேற்பட்ட படமாளிகைகளில் ஒரே நாளில் திரையிடப்பட்டது. அதற்கு முந்திய சில இரவுகளில், நாடு முழுவதும் தொலைக்காட்சியின் முன்னிரவு நிகழ்ச்சிகளுக்கு இடையே அதன் குறுவிளம்பரங்கள் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டன. ஒரு படம் நகரம் நகரமாகச் சென்று, பார்த்தவர் வாய்ச்சொல்லாற் பெயர்பெறும் பழைய முறை அதன்பின் தளர்ந்தது. பார்த்தவர் சொல்லை எதிர்பாராமல், முன்னோட்டத்தின் சொல்லை நம்பியே முதல்வாரக் கூட்டம் திரண்டது. அதனால் முன்னோட்டத்தின் பொறுப்பும் கூடியது.

1998 ஆம் ஆண்டு நவம்பரில் இன்னும் விந்தையான ஒன்று நிகழ்ந்தது. ஜோர்ஜ் லூக்காஸின் 'ஸ்ரார் வோர்ஸ்' வரிசையில் மறு ஆண்டு வரவிருந்த படத்தின் முன்னோட்டம் வெளியாயிற்று. அதைக் காண்பதற்காகவே வேறு படங்களுக்கு நுழைவுச்சீட்டு வாங்கி, முன்னோட்டம் முடிந்ததும் எழுந்து போனவர்கள் இருந்தார்கள். முன்னாளில் மக்கள் எழுந்து போவதால் வால் தலைக்கு மாறியது. இந்நாளில் வாலைக் கண்டதும் மக்கள் எழுந்து போனார்கள். அடுத்து வந்த இணையம், முன்னோட்டத்தைப் படமாளிகையின் கட்டிலிருந்து முழுவதும் விடுவித்தது. 2017 ஆம் ஆண்டில் 'அவெஞ்சர்ஸ்' வரிசைப் படமொன்றின் முன்னோட்டம் வெளியான முதல் 24 மணி நேரத்தில் 23 கோடி முறை பார்க்கப்பட்டதாகப் படக்கம்பனி அறிவித்தது. 1999இல் முன்னோட்டங்களுக்கென்றே தனிப் பரிசுகளும் ஏற்பட்டன.

ஆயினும் பெருகிய புகழோடு பிழையும் பெருகியது. 1991 ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டாம் 'ரேர்மினேற்றர்' படத்தில், எதிர்காலத்திலிருந்து வரும் இரு உருவங்களுள் காக்க வந்தது எது, கொல்ல வந்தது எது என்னும் ஐயத்தைத் தொடக்கக் காட்சிகள் கவனமாகக் கட்டியெழுப்புகின்றன. முன்னோட்டமோ அதை முன்னரே சொல்லிவிட்டது. 2000 ஆம் ஆண்டில் வந்த 'காஸ்ற் எவே' படம், ஆளற்ற தீவில் ஒதுங்கிய ஒருவனின் கதை. அவன் வீடு திரும்புவானா என்பதே பார்ப்போர் நெஞ்சில் எழும் கேள்வி. அவன் திரும்புவதை முன்னோட்டம் காட்டிவிட்டது. இதற்கு நெறியாளர் ரொபேட் செமெக்கிஸ் வருந்தவில்லை. தாம் பார்க்கப்போவது யாது என்று முன்னரே அறிந்துகொள்ளவே மக்கள் விரும்புகின்றனர் என்பது அவர் வாதம்.

இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கூத்துப் பார்க்கும் தமிழருக்கு இராமன் வெல்வான் என்பது தெரியாததன்று. தெரிந்தும் விடியும்வரை இருந்து பார்க்கின்றனர். முடிவை அறிவதால் சுவை கெடவேண்டும் என்பதில்லை. ஆனால், வழிவழியாக எல்லாரும் அறிந்த கதைக்கும், ஓர் ஆசிரியன் இன்று புதிதாகக் கட்டிய கதைக்கும் வேறுபாடு உண்டு. முன்னதில் மறை இல்லை. பின்னதில் மறையும் கட்டடத்தின் ஒரு தூண். தூணை உருவி வாயிலில் நட்டு, கட்டடத்தைக் காண வாருங்கள் என்று அழைப்பது முறையாகாது. படமாளிகை உரிமையாளர் சங்கமும் 2014 ஆம் ஆண்டில், முன்னோட்டம் இரண்டு நிமிடத்துக்கு மேற்படக் கூடாது என்று வழிகாட்டும் விதி வகுத்தது. நீளும்தோறும் கதை கசிகிறது என்னும் பார்வையாளரின் முறைப்பாடு அதன் பின்னணிகளுள் ஒன்று.

மிகையாகச் சொல்வது ஒரு பிழை என்றால், இல்லாததைச் சொல்வது அதனினும் பெரிது. 2019 ஆம் ஆண்டில் வெளியான 'யெஸ்ரடே' என்னும் படத்தின் முன்னோட்டத்தில் அனா டி அர்மாஸ் என்னும் நடிகை தோன்றினார். படத்திலோ அவர் இல்லை; அவருடைய காட்சிகள் இறுதித் தொகுப்பில் நீக்கப்பட்டிருந்தன. அவரைக் காணும் விருப்பத்தோடு படத்தை இணையவழி வாடகைக்குப் பெற்ற இருவர், தாம் ஏமாற்றப்பட்டதாகக் கலிபோர்னியாவிலுள்ள சமஷ்டி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். ஒவ்வொருவரும் கொடுத்த வாடகை நான்கு டொலருக்கும் ஒரு சதம் குறைவு. முன்னோட்டம் தானே ஒரு கலைப்படைப்பு. அதற்குக் கருத்துரிமையின் முழுப் பாதுகாப்பும் உண்டு என்று படக்கம்பனி வாதிட்டது. 2022 ஆம் ஆண்டு திசம்பரில் நீதிபதி வேறுவிதமாகக் கூறினார். முன்னோட்டத்தில் கலைத்திறன் உண்டு என்பது மெய்யே. ஆயினும் அது முதன்மையாகப் பொருள் விற்கும் விளம்பரம். ஆகவே பொய் விளம்பரத் தடைச் சட்டத்துக்கு அது புறம்பானதன்று என்பதே அவர் கருத்து. வழக்காடியவர்கள் பின்னர் வேறு காரணங்களால் வெற்றிபெறவில்லை. ஆனால் நீதிமன்றம் எழுப்பிய வினா நிலைத்து நிற்கிறது.

கலையா, விளம்பரமா என்று பிரித்துக் கேட்கும்போது இரண்டும் எதிரெதிரே நிற்பனபோலத் தோன்றும. வெல்ஸும் ஹிட்ச்கொக்கும் காட்டிய வழியில் அவ்வெதிர்ப்பு இல்லை. அவர்கள் இருவரும் விற்கவே வந்தனர். விற்கும் பொருளின் இயல்பை மறைக்காமல், அதன் மறையை மட்டும் மறைத்தனர். அதனால் அவர்களுடைய கலையும் வாணிகமும் ஒன்றுக்கொன்று துணையாயின.

ஆதலின் முன்னோட்டத்தைக் காண்போர் அதனிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். இது எத்தகைய படம் என்று மெய்யாக உணர்த்துகிறதா? உணர்த்தும்போது, படம் நமக்கெனப் பொத்திவைத்த ஒன்றை முன்னரே பறித்துவிடுகிறதா? படம் பார்த்து முடித்தபின் இதை மீண்டும் பார்த்தால், அப்போது காணாத நுட்பம் ஏதும் புலப்படுகிறதா? மூன்றாம் கேள்விக்கு ஆம் என்று விடை தரும் முன்னோட்டங்கள் மிகச் சிலவே. 'சைக்கோ' அவற்றுள் ஒன்று; 'சிற்றிசன் கேன்' மற்றொன்று.

முன்னோட்டம் ஆக்கியவரின் பெயர் பெரும்பாலும் படத்தின் பெயர்ப்பட்டியலில் இடம்பெறுவதில்லை. விளக்குகள் மங்கிய இரண்டு நிமிடங்களுள் அவர் தம் வேலையை முடித்துவிட்டுப் போய்விடுகிறார். அவர் கொடுத்த வாக்கு நிறைவேறியதா என்பது, சில வாரங்களின் பின்னர், அதே படமாளிகையிலிருந்து வெளியே வருவோரின் முகங்களில் தெரியும்.